மூணாறு மலையில் ட்ரவுட் கொத்தவில்லையா? ஈயை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறுக்கு ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தேடித் தூண்டிலோடு வருகிறவர்கள் ஓடையில் முதலில் செய்கிற காரியம் ஈயை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்ளை, மாற்றுவதுதான். மீன் கொத்தவில்லையா, வேறு ஈ. அதுவும் கொத்தவில்லையா, இன்னும் சின்ன ஈ. மதியத்துக்குள் டப்பாவில் இருப்பதெல்லாம் நனைந்துவிடும், மீன் மட்டும் வராது. கோளாறு பெரும்பாலும் ஈயில் இருப்பதில்லை. முதலில் தண்ணீர், அப்புறம் நீங்கள் நிற்கிற இடம், அப்புறம் லைன் மிதக்கிற விதம், அப்புறம் முடிச்சு. இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் ஈ.

கீழே சொல்வதெல்லாம் ஒன்பதடி ராடு (கம்பு), ஐந்தாம் எண் மிதக்கும் லைன் (வீசுகிற கனமான கயிறு), ஒன்பதடி லீடர் (லைனுக்கும் ஈக்கும் நடுவே கட்டுகிற மெல்லிய நரம்பு) என்ற சாதாரண செட்டை வைத்து. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் அப்படியில்லை. இறகும் நூலும் சுற்றிய ஈக்குக் கனமே கிடையாது. கனம் லைனில் இருக்கிறது. லைனைத்தான் வீசுகிறோம், ஈ அதன் பின்னால் போகிறது. இது மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கோளாறு தானாகத் தெரிந்துவிடும்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்ரவுட் இருக்கிற ஓடைகளும் ஏரிகளும் எஸ்டேட் நிலத்திலோ வன எல்லையிலோதான் இருக்கின்றன. சீட்டு வாங்காமல் இறங்காதீர்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் கம்பை விரிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். வரையாடு குட்டி போடுகிற காலத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவையே மூடிவிடுவார்கள்.

காலையில் கொத்தியது, வெயில் ஏறியதும் நின்றுவிட்டது

தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மீன்தொட்டிக்கு விற்கிற சின்ன தெர்மாமீட்டர் போதும். வானவில் ட்ரவுட் நன்றாக இரை எடுப்பது ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை. 18ஐத் தாண்டினால் மந்தமாகும். 20ஐத் தாண்டினால் கம்பை மடக்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுகிற மீன் நீந்திப் போவதுபோல் போகும், கொஞ்ச நேரம் கழித்துக் கீழே எங்காவது செத்து ஒதுங்கும்.

காரணம் தண்ணீரில் கரைந்திருக்கிற காற்று. கடல்மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதிலும் இன்னும் குறையும். தண்ணீர் சூடாகும்போது மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. அந்த நேரத்தில் நீங்கள் எந்த ஈயைப் போட்டாலும் ஒன்றுதான்.

அதனால் இடத்தை மாற்றுங்கள். சோலைக்காட்டு நிழலுக்குள்ளிருந்து வருகிற கிளை ஓடை, வெட்டவெளியில் தேயிலைக்கு நடுவே வருகிற ஓடையைவிடத் தெளிவாகவே குளிர்ந்திருக்கும். இரண்டும் சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, குளிர்ந்த பக்கமாகப் போடுங்கள். சின்ன அருவி விழுந்து நுரைக்கிற மடுவின் தலைப்பகுதியும் நல்லது, அங்கே காற்று கலக்கிறது. மூணாறு டவுனில் மூன்று ஆறும் சேருகிற இடத்தில் நின்றுகொண்டு ட்ரவுட் தேடுகிறவர்களும் உண்டு. அங்கே படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி விடியலில் பிரச்சினை தலைகீழ். செண்டுவாரை, குண்டளைப் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நாட்களில் தண்ணீர் 8 டிகிரிக்குக் கீழேகூட இருக்கும். மீன் அசையாது. அவசரப்படாமல் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு, வெயில் ஓடையில் விழுந்த பிறகு இறங்குங்கள்.

தண்ணீர் சரி, மீனும் தெரிகிறது, கிட்டே போனால் ஓடிவிடுகிறது

ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கி முகம் வைத்து நிற்கும். நீங்கள் மேலிருந்து கீழே இறங்கி வந்தால் அதன் கண்ணுக்கு நேராக வருகிறீர்கள். கீழிருந்து மேலே போங்கள். அதோடு உயரத்தையும் குறையுங்கள். நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி கோணத்துக்குக் கீழே இருப்பது மீனுக்குச் சரியாகத் தெரியாது. முப்பதடி தூரத்தில் அது ஐந்தடி உயரம். பதினைந்தடியில் இரண்டரை அடிதான். அதாவது தூரத்தில் குனிந்தால் போதும், கிட்டத்தில் மண்டி போட வேண்டும். வெள்ளைச் சட்டையும் ஆரஞ்சுத் தொப்பியும் வேண்டாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்கு முன்னால் உங்கள் நிழல் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுவது. எஸ்டேட் வாட்ச்சர் அண்ணாச்சி ஒருவர், முட்டளவு தண்ணீரில் நின்று ஓடையின் நடுவே வீசிக்கொண்டிருந்த ஒருவரிடம் சொன்னது: "தம்பி, நீங்க நிக்கிற எடத்துலதான் மீனு நிக்கும். கரைக்கு வாங்க, காட்றேன்." கரையோரப் பாறை அடி, புல் கவிந்த விளிம்பு, வேர் தொங்குகிற குடைவு, இங்கெல்லாம்தான் மீன் ஒதுங்கும். முதல் வீச்சைக் கரையிலிருந்தே, கரை ஓரத்துக்கே போடுங்கள். நடுவுக்கு அப்புறம் போகலாம்.

ஈயை நோக்கி வருகிறது, மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது

எல்லோரும் ஈயை மாற்றுகிற இடம் இதுதான். மாற்றாதீர்கள். ஈயைச் சுற்றித் தண்ணீரைப் பாருங்கள். நிஜப் பூச்சி தண்ணீரோடு அதே வேகத்தில் மிதந்து வரும். உங்கள் ஈயின் பின்னால் மெல்லிய ஒரு கோடு, வாத்துக்குஞ்சு நீந்தினால் விழுகிற மாதிரி, 'வி' வடிவில் தெரிந்தால் லைன் அதை இழுக்கிறது என்று அர்த்தம். மீனுக்கு அது போதும்.

ஏன் இழுக்கிறது? நீங்கள் நிற்கிற கரைக்கும் ஈ விழுந்த இடத்துக்கும் நடுவே வேகமான ஓட்டம் இருக்கிறது. அந்த ஓட்டம் லைனின் வயிற்றைப் பிடித்துக் கீழே கொண்டுபோகிறது, லைன் ஈயை இழுக்கிறது. சரிசெய்ய வழிகள் உண்டு. லைன் தண்ணீரில் விழுந்த உடனே ராடு நுனியைத் தூக்கி, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு அரைவட்டம் போட்டு லைனின் வயிற்றை மேல்பக்கம் தூக்கி வையுங்கள். ஈ அசையாமல் லைன் மட்டும் புரள வேண்டும். இதில் கைப்பழக்கம் வேண்டும். புல்வெளியில் பழகினால் வராது, ஓடுகிற தண்ணீரில்தான் வரும். நடுவே ஓட்டம் மெதுவாகவும் ஈ விழுகிற இடம் வேகமாகவும் இருந்தால் கீழ்ப்பக்கம் புரட்ட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இதைவிடச் சுலபம், நிற்கிற இடத்தை மாற்றுவது. இரண்டடி மேலே போய், குறுக்கு ஓட்டம் இல்லாத கோணத்திலிருந்து போட்டால் லைனைப் புரட்டவே தேவையிருக்காது. நம் மலை ஓடைகள் சின்னவை, பாறை நிறைந்தவை. இருபதடிக்கு மேல் வீச வேண்டிய இடம் அபூர்வம். ராடைத் தூக்கிப் பிடித்து, லைன் தண்ணீரிலேயே படாமல் லீடரை மட்டும் தொங்கவிட்டாலே இழுப்பு போய்விடும். நீளமாக வீசினால்தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் இந்த ஓடைகளில் ஒரு மீனையும் தராது.

அப்புறமும் திரும்பினால் டிப்பெட்டை, அதாவது லீடரின் முனையில் ஈ கட்டுகிற கடைசி நரம்பை, மெலிதாக்குங்கள். 4எக்ஸ் என்பது சுமார் 0.18 மில்லிமீட்டர், 5எக்ஸ் சுமார் 0.15. எண் கூடக் கூட நரம்பு மெலியும். தெளிந்த, வற்றிய மார்ச் மாதத் தண்ணீரில் 5எக்ஸுக்குப் போய், லீடரின் முனையில் இன்னும் இரண்டடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டம் வட்டமாக எழும்புகிறது, என் ஈயை மட்டும் தொடவில்லை

இப்போது ஈயைப் பற்றிப் பேசலாம். ஆனால் டப்பாவைத் திறக்கும் முன் அந்த வட்டத்தைப் பாருங்கள். மீன் எழும்பிய இடத்தில் நீர்க்குமிழி ஒன்று மிஞ்சினால், மேலே மிதந்ததை வாயைத் திறந்து எடுத்திருக்கிறது, காற்றும் உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் மிதக்கும் ஈ சரி, அளவுதான் பெரிதாக இருக்கும். பதினான்காம் எண் போட்டிருந்தால் பதினாறுக்குப் போங்கள். எண் கூடினால் முள் சின்னதாகும். நிறத்தைவிட அளவுதான் முக்கியம்.

குமிழி இல்லை, மூக்கும் தெரியவில்லை, முதுகும் வாலும் மட்டும் புரண்டு போகிறது என்றால் அது மேலே எடுக்கவில்லை. மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே, தோலை உரித்துக்கொண்டு மேலே வருகிற பூச்சியை எடுக்கிறது. மிதக்கும் ஈயை நாள் முழுக்கப் போட்டாலும் தொடாது. சின்ன ஃபெசண்ட் டெயில் நிம்ஃப் (நீருக்கடியில் இருக்கிற பூச்சிக்குஞ்சு மாதிரி கட்டிய ஈ) ஒன்றை, ஈயக்குண்டு இல்லாமல், மேல்மட்டத்துக்குக் கீழே மிதக்கவிடுங்கள்.

எந்த ஈ என்பதற்கு இங்கே நான் நம்புகிற ஒரே ஆதாரம் ஓடைக்கல். முழங்கையளவு தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடியில் மணலும் குச்சியும் ஒட்டிய சின்னக் கூடு இருந்தால் கேடிஸ் என்ற பூச்சியின் புழு. மூன்று வால் நூலோடு தட்டையாக ஓடினால் மே ஈ என்ற நிஜப் பூச்சியின் குஞ்சு. அதற்குக் கிட்டத்தட்ட அளவில் ஒத்ததைக் கட்டுங்கள், அவ்வளவுதான். மழை விட்ட மாலையில் ஈசலோ இறக்கை எறும்போ கிளம்பினால் எல்லாக் கணக்கையும் விட்டுவிட்டு, தேயிலைச் செடி கவிந்த கரையோரம் கறுப்பு எறும்பு மாதிரி ஒன்றைப் போடுங்கள்.

சில இடங்களில் பண்ணையில் தீனி போட்டு வளர்த்து விட்ட மீன்கள் இருக்கும். விட்டுக் கொஞ்ச நாள் வரை அவற்றுக்குப் பூச்சி சாஸ்திரமே தெரியாது. தொப்பென்று விழுகிற எதையும் பார்க்க வரும். புட்சர், பீட்டர் ராஸ் என்ற பெயரில் மினுமினுப்பான ஈரத்து ஈக்களை (தண்ணீருக்குள் மூழ்கி வருகிறவை) எல்லாம் ஏன் பழைய ஆட்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் இதுவும் ஒரு காரணம்.

எதுவுமே மேலே வருவதில்லை

இதுதான் இயல்பு. ட்ரவுட் இரையில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில்தான். நிம்ஃப் போடுகிறீர்கள், அப்போதும் வரவில்லை என்றால் ஒரே கேள்வி: உங்கள் முள் எப்போதாவது அடியில் தட்டுகிறதா? அரை மணி நேரமாக ஒரு முறைகூடக் கல்லில் மாட்டவில்லை என்றால் நிம்ஃப் மீனின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஈயிலிருந்து ஒரு கை அகலம் மேலே, நரம்பில் சின்ன ஈயக்குண்டு ஒன்றை நசுக்கி மாட்டுங்கள். தக்கைக்குப் பதிலாக லீடரில் கட்டுகிற கம்பளி நூல் குஞ்சம், தண்ணீர் ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில் இருக்கட்டும்.

லைன் குவியலாக விழுகிறது. அல்லது சாட்டை மாதிரி சொடுக்குகிறது

இரண்டும் பின்வீச்சில் பிறக்கிற கோளாறு. பின்னால் போன லைன் முழுசாக நீளும் முன் முன்னால் தள்ளினால் சொடுக்கும். அந்தச் சொடுக்கில் ஈ அறுந்து எங்கோ தேயிலைக்குள் போய்விடும். தலையைத் திருப்பி லைன் நீள்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்னால் வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. குவியலாக விழுந்தால், பின்வீச்சில் மணிக்கட்டு உடைந்து ராடு தரையைத் தொடப் போகிறது. கடிகார முகத்தில் பத்துக்கும் ஒன்றரைக்கும் நடுவே நிறுத்துங்கள். 'நிறுத்துங்கள்' என்றால் உண்மையாகவே நிறுத்த வேண்டும். ராடு நின்றால்தான் லைன் போகும்.

லீடரில் தானாகவே சின்னச் சின்ன முடிச்சு விழுந்தால் காற்றைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காற்றில்லை. முன்வீச்சின் தொடக்கத்திலேயே வெடுக்கென்று பலத்தைக் கொடுப்பதால் ராடு நுனி பள்ளமாக வளைந்து, லைனின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டுகிறது. மெதுவாகத் தொடங்கி, முடிவில் வேகம் கொடுங்கள். விழுந்த முடிச்சை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த இடத்தில் நரம்பின் பலம் பாதியாகிவிடும். இறுகியிருந்தால் வெட்டிவிட்டுப் புது டிப்பெட் கட்டுங்கள்.

பின்னால் சோலையோ தேயிலைச் சரிவோ நெருக்கமாக இருந்தால் பின்வீச்சே வேண்டாம். லைனைத் தண்ணீரில் மெதுவாக இழுத்து, ராடை காதுப் பக்கம் கொண்டுவந்து, லைன் தோளுக்குப் பின்னால் வயிறாகத் தொங்கும் வரை நிறுத்தி, முன்னால் தள்ளுங்கள். தண்ணீரில் ஒட்டியிருக்கிற லைனே பிடிமானம் தரும். இந்த ரோல் வீச்சு ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாலே இந்தப் பக்கத்து ஓடைகளில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

கொத்துகிறது, மாட்டவில்லை

முதலில் முள் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் குத்தி நின்றால் சரி. வழுக்கினால் பின்வீச்சில் பாறையில் அடித்து முனை போயிருக்கிறது. முனை சரி என்றால், தண்ணீரில் எவ்வளவு லைன் தொளதொளவென்று கிடக்கிறது என்று பாருங்கள். ஈ உங்களை நோக்கி மிதந்து வர வர இடக்கையால் லைனை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்காமல் ராடை மேலே தூக்கினால் போதும். ஈரத்து ஈயைக் கீழ்நோக்கி ஆடவிடும்போது தூக்கவே வேண்டாம், மீன் தானே மாட்டிக்கொள்ளும். அங்கே தூக்கினால் வாயிலிருந்து உருவிவிடுவீர்கள்.

படபடவென்று சின்னக் கொத்தாக வந்துகொண்டே இருந்தால் அது ட்ரவுட் அல்ல, பொடிக்கெண்டை. நகர்ந்துவிடுங்கள்.

மாட்டியது, அறுந்துவிட்டது

கோபத்தில் நரம்பைச் சுருட்டி வீசாதீர்கள். முனையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள், அது கதை சொல்லிவிடும். முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்கவில்லை, அல்லது சுற்று குறைந்துவிட்டது. ஈ கட்டுகிற கிளிஞ்ச் முடிச்சுக்கு 5எக்ஸ் நரம்பில் ஐந்தாறு சுற்று வேண்டும். முனை சொரசொரவென்று வெள்ளையாகச் சிராய்ந்திருந்தால் பாறையில் உரசியது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் நீள நரம்பை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரத்தால் வெட்டிவிடுங்கள். சுத்தமாக, நேராக அறுந்திருந்தால் அங்கே வீச்சில் தானாக விழுந்த முடிச்சு இருந்திருக்கலாம், இல்லையென்றால் உங்கள் கை பலம். ரீல் பிரேக்கைக் கையால் லைனை இழுத்தால் தயங்காமல் வருகிற அளவுக்குத் தளர்த்துங்கள். மீன் ஓடும்போது ஓடட்டும்.

தண்ணீர் திடீரென்று கலங்குகிறது

இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், கரை ஏறுங்கள். மேலே மழை பெய்திருக்கலாம். மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளுக்குக் கீழே என்றால் தண்ணீர் திறந்திருக்கலாம். சருகும் குச்சியும் மிதந்து வருவதும், ஓடையின் சத்தம் மாறுவதும் முதல் அறிகுறி. எதிர்க்கரையில் வைத்த பையை எடுக்கக் குறுக்கே நடக்காதீர்கள்.

யானை விஷயமும் அப்படித்தான். சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோன பிறகும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. ஓடை இரைச்சலில் காலடிச் சத்தம் கேட்காது. காலையில் லயத்து ஆட்களிடம், "அண்ணே, ராத்திரி எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள், சாயங்காலம் மூடுபனி இறங்கும் முன் ஏறிவிடுங்கள். அட்டைக்கு உப்பு முடிப்பு போதும்.

விட்ட மீன் மல்லாந்துவிடுகிறது, வைத்துக்கொண்டது ருசிக்கவில்லை

மீன் ரொம்ப நேரம் போராடிக் களைத்திருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றை அழுத்தாமல், மேல்நோக்கி முகம் வைத்து ஓட்டத்தில் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். தானே வால் அடித்துப் போகும். முள்ளின் பின்பல்லைக் குறடால் முன்பே நசுக்கியிருந்தால் இந்த வேலையே பாதி. ட்ரவுட் இந்த மலைக்கு வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த மீன்தான், ஆனாலும் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் சீட்டில் உள்ளபடியே.

வைத்துக்கொள்வதானால் கரையிலேயே குடலை எடுங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் கடைசி வரை சுரண்டிக் கழுவுங்கள். கசப்பும் வாடையும் வருவது அதிலிருந்துதான். செதில் பொடியானது, உரசத் தேவையில்லை. புளிக்குழம்பில் போட்டால் சதை கரைந்து புளி மட்டும்தான் மிஞ்சும். மிளகு, மஞ்சள், உப்பு மட்டும் தடவி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தோல் மொறுமொறுவென்று ஆகும் வரை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் ஒரு நிமிடம்.